நடுவில் போன பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியவர்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், செல்போன் அடித்தது. எடுத்தால் தனசேகர் சார். பக்கத்து ஊர் பஞ்சாயத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். காலையில் அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. "பாய், மேடம் போய்ட்டாங்க. விடிகாலையில. திருநின்றவூர்ல, ஊட்லயே" என்றார். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வரைக்கும் எத்தனையோ மேடம்கள் உண்டு. வெறும் 'மேடம்' என்று சொன்னால் அது மரகதம் மேடம் ஒருத்தர்தான்.

ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டுக் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறி, திருநின்றவூர். இதே பாதையில்தான் மேடம் தினமும் எதிர்ப்பக்கமாக வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் கூட அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "ரெயில்ல உக்காந்துதான் பாய் நான் யோசிக்கிறதே. வீட்ல யோசிச்சா குக்கர் கூப்பிடும்" என்பார். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதற்கு அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். உங்கள் பிள்ளைகள் அவரிடம் படித்தன. சிலருக்கு அவர் பெயரைச் சொன்னால் இன்னமும் முகம் சுளிக்கும், அதுவும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல வேண்டும் என்று என் வாப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். மரகதம் மேடம் விஷயத்தில் அது முடியாது, ஏனென்றால் அவரே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவர் முதன்முதலில் என் ஹார்டுவேர் கடைக்கு வந்தது, இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிற ஒரு பள்ளிக்குக் கரும்பலகை மாட்டக் கொக்கி வாங்க. தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் பர்சனல் ஆபீசராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர் என்பது அப்போதே தெரியும். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அக்கா மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்விட்டு வந்திருந்தார். அங்கே போன நம் ஆட்கள் திரும்பி வந்தால் ரோடு எவ்வளவு சுத்தம் என்று சொல்லியே நம்மைக் கொன்றுவிடுவார்கள். இவர் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மகளின் மூத்த பையன் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். சார்ட்டர் ஸ்கூல் என்றார். கொக்கி வாங்க வந்தவர், கல்லாவுக்கு எதிரே இருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மேடம் அது? கவர்மென்ட் ஸ்கூலா, பிரைவேட் ஸ்கூலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"காசு கவர்மென்ட் குடுக்கும் பாய். நடத்துறது கவர்மென்ட் இல்ல."

பிறகு விளக்கினார். அங்கே சில ஆசிரியர்கள் சேர்ந்தோ, பெற்றோர்கள் சேர்ந்தோ, ஒரு டிரஸ்ட்டோ, 'நாங்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறோம்' என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பார்கள். அந்த எழுத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயராம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தரும். பள்ளிக்கூடம் ஃபீஸ் வாங்கக் கூடாது. பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல்தான். அதற்குப் பதிலாக ஆசிரியர்களை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். பள்ளி நேரத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். பாடம் நடத்துகிற விதம் சரிவரவில்லை என்றால் மேலே யாரையும் கேட்காமல் மறுநாளே மாற்றலாம்.

"அவ்ளோ விட்டுக் குடுத்தா அரசாங்கத்துக்கு இன்னா மேடம் கெடைக்குது?"

"வாக்கு. இத்தன வருஷத்துல பிள்ளைங்க இதெல்லாம் கத்துக்கும்னு எழுத்துல வாக்கு. செய்யலேன்னா பூட்டிட்டுப் போயிடணும்."

"பூட்டற ஸ்கூல்ல எவன் மேடம் புள்ளைய சேப்பான்?"

"பூட்டவே முடியாத ஸ்கூல்ல சேத்துட்டு இப்ப என்னத்தக் கண்டீங்க பாய்?"

எனக்குச் சுருக்கென்றது. என் பெரிய மகள் பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாவது முடித்துவிட்டுத் தன் பெயரைத் தவிர வேறு எதையும் தப்பில்லாமல் எழுதத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது. அதற்குத் தனசேகர் சாரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வகுப்புக்கு அவர் ஒருத்தர், கூட ஒரு டீச்சர். அதிலும் பாதி நாள் ஜனத்தொகை எண்ணவும் தேர்தல் வேலைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நம் ஊரில் சார்ட்டர் ஸ்கூலுக்குச் சட்டம் கிடையாது. மேடம் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. அரசாங்கத்தின் இடத்தில் தொழிற்பேட்டையின் சில கம்பெனிகள் சேர்ந்த ஒரு சங்கத்தை உட்கார வைத்தார். பிள்ளைக்கு இவ்வளவு என்று அவர்கள் தருவது, நானும் ஊர்க்காரர் சிலரும் சேர்ந்த கமிட்டியை வைத்து மேடம் நடத்துவது, ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம். புதுவாயலை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லை வாடகைக்குப் பிடித்து, தவிட்டு வாசனை போகிற வரைக்கும் கழுவி, ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்தோம். வருடத்துக்கு ஒரு வகுப்பு கூடும். அதற்கு அவர் வைத்த பெயர் வேறு, ஊர் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அது அக்ரிமென்ட் ஸ்கூல். "நாம சரியா செஞ்சு காட்டினா, நாளைக்கு அரசாங்கமே வந்து பாக்கும் பாய். அப்புறம் மாவட்டம் முழுக்க வரும்" என்று சொல்லும்போது அவர் கண் அப்படியே மின்னும். அந்த ஆசைதான் அவரைத் தினமும் ரயில் ஏற்றியது. கடைசியில் அந்த ஆசைதான் எங்கள் கழுத்தையும் அறுத்தது.

அந்த ஒப்பந்தம் எழுதிய நாளைச் சொல்ல வேண்டும். சங்கத்தின் தலைவர் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரிக்காரர், நல்ல மனிதர். ஐந்தாம் வருடம் வெளியூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகளைச் சோதிப்பது என்று முடிவாகியிருந்தது. முதல் வருடம் சேர்ந்த வகுப்பில் பத்துக்கு ஏழு பிள்ளைகள் பத்திரிகைச் செய்தியைத் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும், பார்க்காமல் எழுத வேண்டும், வகுத்தல் கணக்குப் போட வேண்டும். 'அன்றைக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில்' என்று தலைவர் எழுதியிருந்தார். மேடம் அதை அடித்தார்.

"முதல் நாள் சேர்ந்த பிள்ளைங்கள்ல-ன்னு எழுதுங்க சார். நடுவுல போனதும் நம்ம கணக்குதான்."

"ஏன் மேடம் உங்க தலைல நீங்களே கல்லப் போட்டுக்கறீங்க?" என்றார் தலைவர்.

அவர் சொன்ன காரணம் இது. அமெரிக்காவில் அந்த மாதிரிப் பள்ளிகளில் சில, மந்தமான பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, 'உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாது போல இருக்கே' என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுமாம். மிச்சம் இருக்கிற பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் ரிசல்ட் ஜொலிக்கும். அக்கா மகள் சொல்லி இவருக்குத் தெரியும். "சொத்தக் கத்திரிக்காயப் பொறுக்கிப் போட்டுட்டுத் தோட்டம் நல்லா இருக்குன்னு சொல்றதா? உள்ள வந்த பிள்ளை எதுக்காகப் போனாலும் அது நம்ம தோல்வி. அப்பதான் ஒருத்தரையும் வெளிய அனுப்ப நமக்குக் கை வராது" என்றார். நாங்கள் எல்லோரும் அசந்துபோனோம். மேஜையைத் தட்டினோம். என்னைக் கேட்டால் இப்போதும் சொல்வேன், அந்த நிமிஷம் அதில் தப்பு எதுவும் யாருக்கும் தெரியவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் சங்கம், கமிட்டி, மேடம் மூன்று தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தார்.

குலுக்கல் எங்கள் ஊருக்கு ஒரு திருவிழாவே ஆகிவிட்டது. ரைஸ்மில்லின் நெல் உலர்த்துகிற களத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். பிள்ளைகளின் பெயர் எழுதிய சீட்டுகள் அதில். முதல் வருடம் ஒரு பெரிய மனிதர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்பினார். மேடம் அதைப் பிரிக்காமலே, "அவர் வீட்டுப் பிள்ளை பேரையும் சீட்ல எழுதிப் போடுங்க, குடத்துக்குப் படிக்கத் தெரியாது" என்றார். கமிட்டிக்காரன் என்பதால் என் மகன் யூசுபுக்காவது ஒரு இடம் நிச்சயம் என்று என் பெண்டாட்டி ரஹமத் புதுச் சட்டை வேறு எடுத்து வைத்திருந்தாள். அவன் பெயர் வரவில்லை. "இன்னாங்க கமிட்டி நீங்க? ஓசில ஆணி அடிச்சுக் குடுக்கற கமிட்டியா?" என்று அவள் பொரிந்ததில் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை. அடுத்த வருடம்தான் அவன் பெயர் வந்தது. ஆனால் முதல் வருடம், நெல்லூர் பக்கத்திலிருந்து வந்து ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த குடும்பத்து நாகம்மாவின் மகள் துளசி பெயர் வந்தபோது, நாகம்மா களத்தின் நடுவில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தேன். யூசுபுக்கு வராததில் எனக்கு இருந்த வருத்தம் அதோடு போய்விட்டது.

இப்படிப்பட்ட பள்ளியை ஏன் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு சாயங்காலத்தில் விளங்கியது. தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அம்மாக்கள் பலர் ஐந்தரைக்கே போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களாக எழுந்து, பாதி நாள் நாஷ்டா இல்லாமல், பத்து மணிக்கு மேல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தன. மேடம் பெற்றோர்களைக் கூப்பிட்டு, "எத்தன மணிக்குத் திறந்தா உங்களுக்கு சவுகரியம்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. நாகம்மாதான் தைரியமாக, "அஞ்சே காலுக்கு உட்டுட்டுப் போனா நல்லாருக்கும் மேடம்" என்றாள். அடுத்த திங்கட்கிழமை முதல் ஐந்து மணிக்கு கேட் திறந்தது. டீச்சர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் கோரைப் பாயில் இன்னும் கொஞ்சம் தூங்கி, எழுந்து, ரவைக் கஞ்சி குடித்து, எட்டு மணிக்குப் பாடம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தெலுங்கு தெரிந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். இது எதற்கும் யாருக்கும் மனு போடவில்லை.

தனசேகர் சார் இதைக் கேள்விப்பட்டு நேராக ரைஸ்மில்லுக்கே வந்துவிட்டார். சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. நான் பக்கத்தில் ஜன்னலுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பெல்ல அரை மணி தள்ளி அடிக்கணும்னாகூட எழுதிப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கணும். என் கைய கட்டிட்டு உங்களோட ஓடச் சொன்னா எப்டி மேடம்?"

"உங்க கையையும் அவுத்து விடணும்னுதான் சார் நான் சொல்றேன்."

"அது வரைக்கும்? நீங்க என் பசங்கள எடுத்துக்கினு போவல. பசங்களோட அம்மாங்கள எடுத்துக்கினு போய்ட்டீங்க. சண்ட போடற அம்மா, கேள்வி கேக்கற அம்மா, எல்லாம் உங்க குலுக்கலுக்கு வந்துருச்சு. என் ஸ்கூல்ல தண்ணி வரலேன்னு கத்தறதுக்கு இனிமே யார் இருக்காங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மேடம், "சரியான கேள்வி சார். எனக்குப் பதில் தெரியல" என்றார். அடுத்த வாரம் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் பள்ளிப் பெற்றோர்களை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நிறுத்தி, தனசேகர் சாருடைய பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுக் கத்த வைத்தார். நானும் கத்தினேன். குழாய் வந்தது. சாருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் அவர் கேள்வி அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஐந்தாம் வருடம். உங்களுக்கு நினைவிருக்கும், அமெரிக்காவில் எங்கோ பேங்குகள் கவிழ்ந்தன என்று டிவியில் சொன்னார்கள். அது எங்கோ நடக்கிற விஷயம் என்று நான் சேனல் மாற்றினேன். தீபாவளி கழிந்ததும் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்ட் இரண்டானது, பொங்கலுக்குள் ஒன்றானது. ஃபர்னஸ்களை அணைத்தார்கள். என் கடையில் ஆணி வாங்கக்கூட ஆள் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களை முதலில் அனுப்பினார்கள். குடும்பம் குடும்பமாக லாரியில் பாத்திரம் பண்டம், அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் வகுப்பாகச் சேர்ந்து ஐந்தாவதுக்கு வந்திருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்த வீடுகளின் பிள்ளைகள். துளசியும் போனாள். "பாப்பா நல்லா படிக்கிறா மேடம். எனக்குத் தெரியாதா? இன்னா பண்றது, கைல டப்பு இல்ல, அவங்க நைனாவுக்கு அங்க செங்கச் சூளைல வேலை இருக்குதாம்" என்று நாகம்மா வாசலில் நின்றாள். மேடம் அவள் தோளைத் தொட்டுக்கொண்டே நின்றார். "ரெண்டு மாசம் இரு நாகம்மா. பரீட்ச முடியட்டும். நான் சோறு போடறேன்" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பரீட்சைக்கு முந்தின மாதம் நானும் அவரும் நாயுடுபேட்டை பக்கம் அந்தச் செங்கல் சூளைக்குப் போனோம். எனக்கு அங்கே ஒரு சரக்கு விஷயம் என்று சொல்லிக்கொண்டேன், பொய்தான். துளசி காய்ந்த செங்கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே உள்ள பள்ளியில் தெலுங்கு மட்டும்தான், தமிழில் படித்தவளைச் சேர்க்கவில்லை. என் கையில் இருந்த பொட்டலத்தில் தமிழ்ப் பேப்பர் சுற்றியிருந்தது. "இத படி கண்ணு" என்றேன். எண்ணெய்க் கறை பட்ட அந்தச் செய்தியை அவள் கடகடவென்று படித்தாள். ஏதோ லாரி கவிழ்ந்த செய்தி. அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒரு விபத்துச் செய்தியைப் படித்திருக்க மாட்டார்கள். படித்து முடித்துவிட்டு மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "இவ பாஸ் மேடம். இவளப் பாஸ்னு போடுங்க" என்றேன்.

"சோதிக்கிற அன்னிக்கு நம்ம வகுப்புல அவ இருக்க மாட்டாளே பாய்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோதனை நடந்தது. இருந்த பிள்ளைகள் அத்தனையும் படித்தன, எழுதின, கணக்குப் போட்டன. வந்த ஆசிரியர், இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் முதல் நாள் சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் பத்துக்கு ஐந்துகூடத் தேறவில்லை.

சங்கத்துக் கூட்டம் ரைஸ்மில்லிலேயே நடந்தது. பெற்றோர்கள் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஃபவுண்டரிக்காரர் எழுந்து, "தொழில் படுத்துக் கிடக்குதுதான் மேடம். ஆனா இந்த ஸ்கூலுக்குக் குடுக்கற காச நாங்க நிறுத்த மாட்டோம். விட்டுட்டுப் போனவங்கள எடுத்துட்டு மிச்சத்த மட்டும் வெச்சுக்குங்க. நாங்க எல்லாரும் கையெழுத்து போடறோம். இன்னும் அஞ்சு வருஷம் நடத்துங்க" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. கமிட்டியில் எல்லோரும் கை தூக்கினோம். மேடம் தூக்கவில்லை.

"ஆடி முடிச்சுட்டு அப்புறம் கோட்ட மாத்திப் போடக் கூடாது சார்" என்றார். "ஒரு தடவ மாத்தினா, அடுத்து வர்ற ஸ்கூலும் மாத்தும். அப்புறம் வாக்குன்னு எதுக்கு எழுதறோம்? நாளைக்கு அரசாங்கம் இதப் பாத்துட்டு என்ன சொல்லும்?"

நான் எழுந்துவிட்டேன். "எந்த அரசாங்கம் மேடம்? அஞ்சு வருஷத்துல எவன் வந்து எட்டிப் பாத்தான்? அரசாங்கம் வந்து பாக்கும் பாக்கும்னு, இருக்கற புள்ளைங்கள ரோட்ல உடறீங்களே, இது நாயமா?"

"பாய், நீங்க ஆணி விக்கறவரு. நீங்களே வளையலாமா?"

"வளையாத ஆணி செவுத்துல எறங்காது, தெறிச்சு நம்ம கண்ணுலதான் வுழும் மேடம்!"

என் குரல் களம் வரைக்கும் கேட்டதாம். வெளியே ஒரு பெண் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "உனக்குப் புள்ளைங்க இருந்தா இப்டி பண்ணுவியா?" என்று கத்தினாள். அந்த வார்த்தை மேடத்தின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் தலை நிமிர்ந்தே இருந்தது. அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது.

என் மகன் யூசுபை ஃபீஸ் கட்டும் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தேன். எனக்குக் கடை இருந்தது. இல்லாதவர்களின் பிள்ளைகளை மேடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பள்ளியாகச் சேர்த்தார். அதிகம் பேரை வாங்கிக்கொண்டவர் தனசேகர் சார். அதற்கப்புறம் மேடமும் தினமும் சாருடைய பள்ளிக்கே போய், ஒன்றாம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் கிடையாது. அதே ரயில், மத்தியானத்துக்கு எப்போதும் கொண்டுவருகிற எலுமிச்சம் சாதம். "தோத்தவ வேற எங்க போறது சார்?" என்றாராம். நானும் மேடமும் தெருவில் எதிரில் பார்த்தால் பேசிக்கொள்வோம், பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அப்படியே ஆறேழு மாதம் ஓடியது. பிறகு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது போன மாதம். ரஹமத் நோன்புக் கஞ்சி மாதிரியே பதமாகக் கஞ்சி செய்து தூக்குவாளியில் கொடுத்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இருந்தார். கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, நான் கேட்காமலே அவராகப் பேசினார்.

"எண்ணினது சரிதான் பாய். எழுதினதுதான் தப்பு."

"இன்னா மேடம்?"

"அங்க பள்ளிக்கூடம் பிள்ளையத் தள்ளும். அதத் தடுக்க அந்த வரிய எழுதினேன். இங்க பள்ளிக்கூடமா தள்ளிச்சு? பொழப்பு தள்ளிச்சு. ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதிட்டேன். வேற ஊர் நோவுக்கு மருந்து நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

"இத அன்னிக்கே மாத்தி இருக்கலாமே மேடம்? எல்லாரும் கை தூக்கினோமே?"

"மாத்தியிருந்தா அப்புறம் நான் சொல்ற எதையாவது நீங்க நம்பியிருப்பீங்களா?"

உடம்பு முடியாதவரிடம் என்ன சொல்வது? நம்பியிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவரிடம் பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார். "நம்பியிருக்க மாட்டேன் மேடம்" என்றேன். "ஆனா பள்ளிக்கூடம் இருந்திருக்கும்."

கஞ்சியைக் கட்டில் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "ஆமா" என்றார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம் அவர் ஒரு வாதத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. இதைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ரஹமத்திடம், "இன்னிக்கு மேடமே ஒத்துக்கினாங்க" என்று சொல்லத்தான் போனேன், சொல்ல முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது அந்த ஒரு 'ஆமா'தான். வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. யோசித்து அடுத்த தடவை அவர் ஒரு பதில் சொல்வார், நான் தோற்றுவிட்டுத் திரும்புவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்குவாளியைக்கூட, மறுபடி போக ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.